பதினாறாவது கட்டம்

முதல் கேள்விக்குச் செண்பகவல்லியின் வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு மட்டும் ஏழாவது கேள்வியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. வாய்க்கு ஒரு கஷ்டமும் இல்லை. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் சிங்கத்தின் வாயில் தலையைக் கொடுக்கிற காரியம் என்று ஐந்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள். வந்து பார்த்தால், வெளியூர்ப் பேராசிரியர் என்னென்ன கேட்கப் போகிறார் என்கிற பட்டியல் பதினைந்து நாளுக்கு முன்பே அறிக்கையாகக் கைக்கு வந்துவிட்டது. அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். இவள் எழுதி வைத்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எதிரே நாற்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்துச் சால்வை போடுவார்கள், எல்லோரும் சாப்பிடப் போவார்கள். இந்த அறையில் யாரும் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. நாற்பத்தைந்து இலைக்குச் சொல்லியாகிவிட்டது, லட்டு நாலு அட்டைப்பெட்டியில் ஜன்னலோரம் காத்திருக்கிறது. “பிளெக்ஸ் என்று ஊரே சொல்வதை நீங்கள் ஏன் ‘எண்ணிமப் பதாகை’ என்று எழுதியிருக்கிறீர்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. கலைச்சொல், சொல்லாக்கம், துறையின் வழக்கம் என்று வாய் அடுக்கிக்கொண்டே போனது. உள்ளே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருஷம் கோவில்பட்டியில் பிளெக்ஸ் கடையில் டிசைனராக உட்கார்ந்தவள் அவள். யாராவது படியேறி வந்து எண்ணிமப் பதாகை ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தால், முதலாளி தவசி அண்ணாச்சி அவரைப் பக்கத்து மருந்துக் கடைக்கு அனுப்பி வைத்திருப்பார்.

அண்ணாச்சி இரண்டாவது வரிசையில்தான் இருந்தார், மடியில் சால்வைப் பொட்டலத்தோடு. பக்கத்தில் அவள் கணவர் பொன்னுச்சாமி, மின்வாரியத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர், சாப்பாட்டு நேரத்தை நினைத்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் நெறியாளர் ரூபவதி மேடம், துறைத் தலைவர், நடுவில் புற மதிப்பீட்டாளர் பேராசிரியர் அருளானந்தம். ஒல்லியான மனிதர். ஆய்வேட்டின் பக்கங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. பேருக்குப் படிக்கிறவர் இல்லை, பக்கம் பக்கமாகப் படித்தவர் என்பது அறிக்கையைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பெருமையாகத்தான் இருந்தது, அப்புறம்தான் ஏழாவது கேள்வியைப் படித்தாள். அவளுக்குப் பக்கவாட்டில் வெள்ளைத் திரையில் ‘பா. செண்பகவல்லி, பகுதிநேர ஆய்வாளர்’ என்று எழுத்து நின்றது. ஊரில் எத்தனை பேர் பெயரை அவள் கையால் நாலடி உயரத்துக்குப் பெரிதாக்கியிருக்கிறாள். தன் பெயரை இவ்வளவு பெரிதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டது, சரிசெய்திருக்கலாம் என்று கண் தன் பாட்டுக்கு நினைத்தது. இரண்டாம் கேள்வி, தரவு எப்படித் திரட்டினீர்கள். நடந்து சார். நாலு வருஷம், கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், கழுகுமலை, முக்குக்கு முக்கு நின்று செல்போனில் எடுத்தது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. சொல்லும்போதே அந்த எண்ணுக்குள் இன்னொரு எண் புரண்டது. முப்பத்தொன்று. அறுநூற்றுப் பன்னிரண்டுக்குள்ளே முப்பத்தொன்று. எதிரே மைக் லேசாக இரைந்தது. அதை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள்.

மூன்றாம் கேள்வி வந்ததும் அவள் தாளைப் பார்க்கவே இல்லை. இந்தக் கணினியும் அச்சு இயந்திரமும் வந்து பண்பாட்டில் அப்படி என்ன மாறிவிட்டது, ஒரே வரியில் சொல்லுங்கள் என்று அருளானந்தம் கேட்டார். “யாருக்குச் சுவர்ல முகம் உண்டுங்கிறது மாறிடுச்சு சார்.” சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். பெயிண்டில் வரைந்த காலத்தில் சுவர் முகம் தலைவருக்கு, நடிகருக்கு, நாலு தலைமுறைப் பணக்காரருக்கு. மற்றவர்களுக்கு ரேஷன் கார்டோடு சரி. பிளெக்ஸ் வந்த பிறகு கொத்தனார் முகம் ஏறியது, லோடுமேன் முகம் ஏறியது, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற பெண்ணின் முகம் அவள் மகள் சடங்குக்கு எட்டடி உயரத்தில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துச் சிரித்தது. கண்ணைக் கெடுக்கிறது, ஊரை அசிங்கப்படுத்துகிறது என்று படித்தவர்கள் எழுதினார்கள். அவளும் அவற்றை மேற்கோள் காட்டித்தான் இருக்கிறாள். ஆனால் வாட்ஸ்அப்பில் மங்கலாக வந்த ஒரு பாஸ்போர்ட் போட்டோவைத் துடைத்து, கழுத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டை உடம்பு ஒன்றைப் பொருத்தி, திரையில் காட்டும்போது அந்த மனுஷன் தன்னையே பார்த்து ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பானே, அதை அந்தக் கட்டுரைக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அடிவரிசையில் வாழ்த்துகிற நண்பர்கள் முகங்களுக்குக் கட்டம் போடுவாளே, அதில் ஒருத்தன் தலை மற்றவன் தலையைவிட நூலளவு சிறுத்தாலும் சண்டை வரும். “எம் மூஞ்சி என்ன கொசுறா?” என்று கேட்பார்கள். அதற்காகவே நெற்றிக்கு ஒரு கோடு, தாடைக்கு ஒரு கோடு இழுத்து, மேலத்தெருக்காரனோ கீழத்தெருக்காரனோ எல்லோர் தலையும் ஒரே அளவில் வருகிற மாதிரி ஒரு முறையை அவளாகத்தான் கண்டுபிடித்தாள். இன்று அந்த வட்டாரத்தில் பதினேழு கடையில் அதே முறை. அதைச் சொன்னபோது அருளானந்தம் பேனாவை எடுத்து ஏதோ குறித்தார். செண்பகவல்லிக்குக் காது மடல் சூடானது. பெருமைப்பட்டால் அவளுக்கு முதலில் காதுதான் தெரியும்.

பதினாறு கட்டம். எட்டு எட்டாக இரண்டு வரிசை. அந்தக் கட்டங்களில்தான் எல்லாம் வந்தது. நாலாவது கேள்வியைத் துறைத் தலைவர் நீட்டி முழக்கிக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் மனசு அந்தப் பழைய திரைக்குப் போய்விட்டது. ஐப்பசி மாசம். காளிராஜ் என்கிற பையனுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். இருபத்துநாலு வயசு, சரக்கு வேன் ஓட்டினவன், காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டான். நண்பர்கள் பதினாறு பேர் வந்து, அழுது வீங்கின கண்ணோடு தங்கள் முகங்களைக் கொடுத்தார்கள். அவனுக்கு நல்ல போட்டோ கிடையாது. யாருடைய ரிசப்ஷனிலோ எடுத்த குரூப் படத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் லேசாக வேர்வை, இடது தோளில் பக்கத்தில் நின்ற எவனோ ஒருவனுடைய நாலு விரல். விரலை அழிக்கப் பார்த்தாள், சட்டைக் கட்டம் கோணிக்கொண்டு போனது. விட்டுவிட்டாள். அவன் முகம் எந்த அளவில் நன்றாக இருக்கும் என்று பார்க்க, கடைசிக் கட்டத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். அப்புறம் அந்த லேயரை, படத்தின் அந்த ஒரு அடுக்கை மட்டும், கண்ணுக்குத் தெரியாமல் அணைத்துவிட்டு, அதன்மேல் நண்பனின் முகத்தை வைத்தாள். இதெல்லாம் டிசைனர்கள் தினம் செய்கிற காரியம். மறுநாள் கதிரேசன் கோவில் ரோட்டு வீட்டுக்காரர் ஒருவருக்குக் காதணி விழா. கட்டம் ரெடியாக இருக்கிறதே என்று அதே கோப்பைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, கறுப்பை ரோஸ் ஆக்கி, கண்ணீரை யானை ஆக்கி, முகங்களை மாற்றினாள். வந்த முகம் பதினைந்து. கட்டம் பதினாறு. மேலே இருந்த முகத்தை எடுத்தாள், அடியில் இருந்தவனை எப்படியோ எழுப்பிவிட்டிருக்கிறாள். அவசரம், வெளியே ஆட்டோ நிற்கிறது, அச்சுக்கு அனுப்பிவிட்டாள். செத்து ஒன்பது நாள் ஆன காளிராஜ், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு, எல்லோர் தலையளவிலும் தன் தலையை வைத்துக்கொண்டு, தோளில் நாலு விரலோடு, வாழ்த்திக்கொண்டு நின்றான்.

ஐந்தாவது கேள்விக்கு அவள் சொன்ன பதில் அவளுக்கே கேட்கவில்லை. ரூபவதி மேடம் தலையை ஆட்டியதால் சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். தப்பை முதலில் கண்டுபிடித்தது அந்த வீட்டுக்காரர் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு அம்மா கடைக்கு வந்தாள், கையெல்லாம் தீக்குச்சி மருந்து வாடை. தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போகிறபோது பார்த்தேன் என்றாள். பெயர் வெள்ளத்தாய், காளிராஜின் அம்மா.  செண்பகவல்லி எழுந்து நின்று, “அத்தை, என் தப்புதான், இப்பவே இறக்கச் சொல்லுதேன்” என்றாள். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். “இறக்காத தாயி. அஞ்சலி பிளெக்ஸ்ல ஒத்தையில நிக்கான். மாலையப் போட்டு, பெரிசா, ஆருமில்லாம நிக்கான். இதுல பத்துப் பேரோட நிக்கான். அவன் அப்படித்தான், கூப்பிட்ட வீட்டுக்கும் போவான், கூப்பிடாத வீட்டுக்கும் போவான், போயி சாம்பார் வாளியத் தூக்கிருவான்.” டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, ஏதோ ரெண்டு கிலோ அரிசி கூடப் போடச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்: “அடுத்ததுலயும் எடமிருந்தா போடு தாயி.” செண்பகவல்லி அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். அந்த அம்மா போன பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எடமிருந்தா. இடம் எப்போதும் இருக்கும், அதுதான் விஷயம். கட்டம் இரட்டைப்படை, வருகிற முகங்கள் பெரும்பாலும் ஒற்றைப்படை. மீந்த கட்டத்தில் ரோஜாப்பூவோ குத்துவிளக்கோ போட்டு அடைப்பது வழக்கம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். அவள் கடையில் மட்டும் சில சமயம் காளிராஜ். கல்யாணம், புதுமனை புகுவிழா, சடங்கு, ஒரு ரிட்டயர்மெண்ட், பத்தாம் வகுப்பில் பாஸான ஒரு பெண்ணுக்குத் தெருவே சேர்ந்து போட்ட வாழ்த்து. அஞ்சலியில் மட்டும் போட மாட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அண்ணாச்சியிடம்கூட. தப்புதானா என்று கேட்டால் தப்புதான். காசு கொடுத்தவர் வீட்டுப் படத்தில் அவரைக் கேட்காமல் ஒருத்தனை நிறுத்துவது தப்பில்லாமல் என்ன? ஆனால் உள்ளுக்குள் குறுகுறுத்ததா என்றால் இல்லை, அதைத்தான் அவளால் யாருக்கும் விளக்க முடியாது. ஒவ்வொரு தடவை நெற்றிக் கோட்டுக்கும் தாடைக் கோட்டுக்கும் நடுவே அவன் முகத்தைப் பொருத்தும்போது, கோவிலில் விளக்குத் துடைக்கிறவளுக்கு இருக்குமே, அந்தத் திருப்திதான் இருந்தது. அப்புறம் படிப்பு வந்தது. முப்பத்தொன்பது வயசில் ஆய்வுக்குப் பதிவு செய்தாள். ஊர்ச் சுவர்களைத் தானே படம் எடுத்து, தானே எண்ணி, யார் முகம், எந்த உறவு, எத்தனை அங்குலம் என்று அட்டவணை போட்டாள். அவள் போட்ட முப்பத்தொன்றும் அந்தச் சுவர்களில்தானே இருந்தன. அவற்றை எடுத்துவிடலாம். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். எடுக்காமலே விட்டாள். ‘நண்பர், உறவு அறியப்படவில்லை’ என்று முப்பத்தொரு இடத்தில் குறித்தாள். அந்த மூன்று சொல்லில் ஒரு சொல்கூட நிஜமில்லை. அங்கேதான் அவள் பெருமை கொஞ்சம் தடுக்கி விழும். விழுந்து, எழுந்து, சுற்றி வந்து, மறுபடியும் அதே இடத்தில் விழும்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அறுநூறு படத்தைப் பின்னிணைப்பில் தபால்தலை அளவுக்குப் போட்டால் எவன் பார்ப்பான்? அருளானந்தம் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அறிக்கையில் ஏழாவது கேள்வி அரைப்பக்கம்: தோளில் நான்கு விரல்கள் தெரியும் இளைஞர் ஒருவர் முப்பத்தொரு பதாகைகளில், பல ஊர்களில், பல சமூகத்தாரின் வீட்டு விழாக்களில் இடம்பெறுகிறார், சாதி எல்லையைத் தாண்டிய இப்படியொரு நட்புத் தொடர்பை இதுவரை எந்த ஆய்வும் காட்டியதில்லை, இவர் யார், இவரை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆய்வாளர் விளக்கினால் இந்த ஆய்வேட்டின் ஆகச் சிறந்த பகுதி அதுவாகவே இருக்கும். ரூபவதி மேடத்துக்கு அதைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “செண்பகம், தங்கமான கேள்வி. இதுல புத்தகமே போடலாம்.” மேடமே உட்கார்ந்து இரண்டு பக்கம் பதில் எழுதித் தந்தார். இணைப்பு முகம் என்று அதற்கு ஒரு பெயர். எண்ணிமக் காலத்தில் உருவாகும் புதிய சமூக மனிதன், விழாக்களின் வழியே எல்லைகளைக் கடப்பவன். அந்த இரண்டு பக்கம் இப்போது அவள் கோப்பில் கடைசித் தாளாக இருக்கிறது. நல்ல தமிழ், நல்ல வாதம், வாசித்தால் பத்து நிமிஷம். வாசித்துவிட்டால் பன்னிரண்டரைக்கு அவள் டாக்டர் செண்பகவல்லி. வாசிக்காவிட்டால்? தரவில் கைவைத்தவள் என்பார்கள். மேடம் பெயர் கெடும். அண்ணாச்சி சால்வையை மடித்து வைத்துக்கொள்வார். கோவில்பட்டியில் நாளைக்கே, செத்தவன் படத்தைச் சுபகாரியத்தில் போட்டாளாமே என்று முப்பத்தொரு வீட்டில் பேச்சு கிளம்பும். ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் பஸ் ஏறியது எல்லாம் இந்த லட்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். பதினைந்து நாளாக இந்த இரண்டு பக்கத்தைச் சத்தம் போட்டு வாசித்துப் பழகினாள். நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. காது மட்டும் ஒரு தடவைகூடச் சூடாகவில்லை.

ஆறாவது கேள்வி சின்னக் கேள்வி. பதில் சொல்லிக்கொண்டே அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். வெள்ளத்தாய் ஓரத்து நாற்காலியில் இருந்தாள். அவளைக் கூப்பிட்டது செண்பகவல்லிதான், ஏன் கூப்பிட்டோம் என்று இப்போது யோசித்தாள். தீப்பெட்டி ஆபீசில் லீவு போட்டு, விசேஷ வீட்டுக்கு வருகிற மாதிரி பட்டு கட்டி வந்திருந்தாள். காலையில் வேனில் வரும்போது, “நம்ம காளி பொஸ்தகத்துல இருக்கானாமே, எத்தனாவது பக்கம்?” என்று கேட்டாள். முப்பத்தொரு இடத்துல இருக்கான் அத்தை என்றபோது, விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடத்தின் இரண்டு பக்கத்தை இப்போது வாசித்தால் அந்த அம்மாவுக்கு என்ன புரியும்? உன் மகன் எல்லைகளைக் கடந்தவன் என்று புரியுமா? அவன் கடக்கவில்லை. கொண்டுபோய் நிறுத்தியது ஒரு கை. சட்டென்று அவளுக்குக் கோபம் மாதிரி ஒன்று மூண்டது. யார் மேல் என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த எந்த பிளெக்ஸிலும் அவள் பெயர் இருந்ததில்லை. மூலையில் கடை பெயர் இருக்கும், போன் நம்பர் இருக்கும். இந்தத் தேர்வு அறையிலும் அவள் செய்த ஆக நல்ல காரியத்தை எண்ணிமக் காலம் தானாகச் செய்துகொண்டது என்று அவளே வாசித்து முடிக்க வேண்டுமா? நியாயம் பேசுகிறவர்கள் இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ளட்டும். செண்பகவல்லிக்கு உள்ளது உள்ளபடி தெரியும்: அது நேர்மையைவிடப் பெருமையாகத்தான் இருந்தது. என் கை, நான் போட்டது, நான்தான் என்கிற பெருமை. “ஏழாவது கேள்வி” என்று அருளானந்தம் ஆசையோடு கண்ணாடியைச் சரிசெய்தார். அவள் கோப்பை மூடினாள்.

“அந்தத் தம்பி பேரு காளிராஜ் சார். முப்பத்தொரு விழாவுல ஒண்ணு நடக்கும்போதுகூட அவர் உயிரோட இல்ல. ஒவ்வொண்ணுலயும் நான்தான் வச்சேன்.” அறை உடனே அமைதியாகவில்லை, பின்னால் யாரோ ஒருவர் லட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவர் முடிக்கிற வரை கேட்டது. பிறகு மின்விசிறிச் சத்தம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பதினைந்து முகத்தையும் பதினாறு கட்டத்தையும், அணைத்த லேயரையும், ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த அம்மாவையும். ரூபவதி மேடம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது, அந்த ஒன்றுக்காக மட்டும் செண்பகவல்லிக்கு மனசு வலித்தது. அருளானந்தம் ஆய்வேட்டைப் புரட்டி ஒரு ஒட்டுத்தாளில் நின்றார். “முப்பத்தொரு வீட்டுலயும் இது யாருன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையா?” என்றார். “இல்ல சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டு ஆளுன்னு நினைச்சுக்கிட்டாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க இவங்க ஆளுன்னு நினைச்சுக்கிட்டாங்க. வாழ்த்துற வரிசையில நின்னா நம்மாளுதான், அதுக்கு மேல யாரும் பாக்கல. ஒருத்தர் மட்டும் கடைக்கு வந்தார், சாத்தூர்க்காரர். இந்தப் பையன எல்லா விசேஷத்துலயும் பாக்கேன், நல்ல பழக்கவழக்கம் உள்ள பிள்ளையாத் தெரியுது, எம்மகளுக்குக் கேக்கலாமா, அட்ரஸ் குடுங்கன்னு கேட்டார்.” யாரோ சிரித்தார்கள், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். “என்ன சொன்னீங்க?” “வெளியூர் போயிட்டாருன்னு சொன்னேன் சார். என் மூஞ்சியப் பாத்து அவர் புரிஞ்சுக்கிட்டார்னு நினைக்கேன். அதுக்கப்புறம் கேக்கல.” அருளானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். முப்பத்தொன்றையும் எடுத்தால் முடிவுகள் நிற்குமா என்று கேட்டார். நிற்கும், ஐந்நூற்று எண்பத்தொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன் என்றாள். அது நோட்டில் இருந்தால் போதாது, ஆய்வேட்டில் இருக்க வேண்டும் என்றார் அவர், கடுமையாகத்தான். தெரிந்தே தவறாகக் குறித்திருக்கிறீர்கள் என்பதையும் சபை கேட்கச் சொன்னார். அவள் ஆமாம் சார் என்றாள்.

மேடையில் மூன்று தலையும் கூடின. செண்பகவல்லி மைக்கின் முன்னால் நின்றபடியே இருந்தாள். காது மடல் இரண்டும் கொதித்தன. துறைத் தலைவர் எழுந்து, இன்று பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலவில்லை என்றும், முப்பத்தொரு பதாகைகளையும் தரவிலிருந்து நீக்கி ஆய்வேட்டைத் திருத்தி மூன்று மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும், அதன்பின் மறுபடி வாய்மொழித் தேர்வு நடக்கும் என்றும் அறிவித்தார். அந்த அறையின் சரித்திரத்தில் முதல் ஆள். இதற்கும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாமா என்று மனசு கேட்டது, சும்மா இரு என்று அடக்கினாள். பொன்னுச்சாமி வாட்சைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து இலையை என்ன செய்வது என்று நினைத்தாள், சாப்பிடுவதுதான், வேறென்ன. முறைக்குத் துறைத் தலைவர், பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். இந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை. மூன்றாவது வரிசை ஓரத்தில் வெள்ளத்தாய் எழுந்தாள். குறிப்பெடுக்கிற உதவிப் பேராசிரியர் பதிவேட்டைத் திறந்து, பெயரும் எந்த நிறுவனம் என்பதும் சொல்ல வேண்டும் என்றார்.

“வெள்ளத்தாய். காளிராஜோட அம்மா.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

“அய்யா, நீங்க படிச்சவுக, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அருளானந்தத்தைப் பார்த்துத் தொடங்கியவள், பாதியில் செண்பகவல்லி பக்கம் திரும்பிக்கொண்டாள். “முப்பத்தோரு எடத்துல இருக்கான்னு காலையில சொன்ன. அத்தனையவும் எடுக்கச் சொல்லுதாக. எடுத்துட்டா அந்தப் பொஸ்தகத்துல எம்மகன் எங்க தாயி இருப்பான்?”

இதற்கு எழுதி வைத்த பதில் எதுவும் கிடையாது. ரூபவதி மேடம் இப்போது நிமிர்ந்து பார்த்தார். அருளானந்தம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“எண்ணிக்கையில இருந்துதான் எடுக்கேன் அத்தை” என்றாள் செண்பகவல்லி. “இதுவரைக்கும் ஓரமா ஒரு கட்டத்துல பேரில்லாம நின்னான். இனி நாலாவது அத்தியாயம் பூரா அவன்தான். அவன வச்சது யாரு, வைக்கச் சொன்னது யாருன்னு எல்லாம் எழுதுவேன். மொத வரியில அவன் பேரு.”

வெள்ளத்தாய் மேடையிலிருந்த பேராசிரியரைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார்.

“அப்பச் சரி” என்று சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.